மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஊரில் இந்தச் சேர்வர் ஏன் ஓடவில்லை?

(திரையில்: கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி)

"இந்தச் சிபியு எக்ஸ்86-64-வி3ஐ ஆதரிக்கவில்லை." இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, 24 கோர் சேர்வரைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ரியூட்டரி (தனியார் வகுப்பு) நடத்தும் ஓர் அண்ணை. பொறுங்கோ அண்ணை!

வணக்கம். இயங்குதளம் என்றால் என்ன என்று தொடங்கினால் நீங்கள் ஓடிவிடுவீர்கள். நேரே விசயத்துக்கு வருவோம்.

அண்ணை போடப் பார்த்தது 2025இல் வந்த ரெட் ஹட் 10 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதற்கு ஏவிஎக்ஸ்2 போன்ற கட்டளைகள் தெரிந்த சிபியு வேண்டும், அந்த நிலையின் பெயர்தான் எக்ஸ்86-64-வி3. இன்டெலின் சேர்வர் சிபியுவான சீயோன் ஈ5 வரிசையில் 2014இல் வந்த வி3இலிருந்துதான் ஏவிஎக்ஸ்2 இருக்கிறது. அண்ணையுடையது வி2. (இந்த இரண்டு வி3க்கும் ஒரு சொந்தமும் இல்லை, பெயர் தற்செயலாகப் பொருந்திவிட்டது!) சிலிக்கனில் இல்லாததை எந்த பென் டிரைவாலும் கொண்டுவர முடியாது. ரெட் ஹட் 9க்கு எக்ஸ்86-64-வி2 நிலை போதும், அது அண்ணையின் சிபியுவில் உண்டு. அதைப் போட்டோம்.

பூட் ஆகியது. ஆனால் டிஸ்க் தெரிவு செய்யும் இடத்தில் ஒரு டிஸ்க்கும் இல்லை. பயோஸில் நாலும் தெரிகிறது, பச்சை விளக்கும் எரிகிறது!

இதுதான் எனக்குப் பிடித்த இடம். அதில் டிஸ்க்குகளை இணைத்திருந்தது எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்2008 என்ற சிப். 2019இல் வந்த ரெட் ஹட் 8இலேயே அதற்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். எப்படி? டிரைவர் (சிப்புடன் பேசும் மென்பொருள்) உள்ளேயே இருக்கிறது, அது அறிந்திருக்க வேண்டிய அட்டைகளின் பட்டியலில் இந்தச் சிப்பின் எண்ணை மட்டும் வெட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டில் ஆள் வாசலில் நிற்கிறார், அழைப்புப் பட்டியலில் பெயர் இல்லை. அவ்வளவுதான்.

90களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் நம் ஒஸ்டின் கார்கள் எப்படி ஓடின? கார்பரேட்டரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரம் மண்ணெண்ணெய்! அந்தக் கொஞ்சப் பெற்றோல்தான் டிரைவர் டிஸ்க். ரெட் ஹட்டுக்கு டிரைவர்கள் தரும் ஈஎல்ரெப்போ தளத்தில் உங்கள் பதிப்புக்குரிய டிரைவர் டிஸ்க் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, இன்னொரு பென் டிரைவில் எழுதி, பூட் வரியின் கடைசியில் "ஐஎன்எஸ்டி புள்ளி டிடி" சேருங்கள். அது பட்டியலைக் காட்டும், தெரிவு செய்யுங்கள்.

(திரையில்: நான்கு டிஸ்க்குகள் வரிசையாக)

வந்துவிட்டார்கள்! புகை மட்டும் வரவில்லை.

இந்த வேலையும் வேண்டாம் என்றால் ரெட் ஹட்டைப் போலவே இயங்கும் இலவச அல்மாலினக்ஸின் 9.4க்கோ அதற்குப் பின் வந்த 9க்கோ போங்கள், வெட்டிய பெயர்கள் பலவற்றைத் திரும்ப எழுதிவிட்டார்கள். அல்மா 10க்கு எக்ஸ்86-64-வி2 நிலை சிபியுவுக்கென்றே தனிப் பதிப்பும் உண்டு. என்னைக் கேட்டால், பழைய பெட்டிக்கு அதுதான் சரி.

அப்புறம், 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாகப் பயன்படுத்த ஜிபிடி என்ற பிரிப்பு அட்டவணை வேண்டும். அது தனி வீடியோ.

பழைய சேர்வர் வாங்கப் போகிறவர்கள் லினக்ஸ் லைவ் பென் டிரைவ் (நிறுவாமலே ஓடுவது) ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையிலேயே பூட் பண்ணி, சிபியு விவரம் காட்டும் "எல்எஸ்சிபியு" கட்டளையை அடித்து ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

உங்கள் வீட்டில் இன்னும் ஒஸ்டின் நிற்கிறதா? கமெண்டில் சொல்லுங்கோ. சேர்வரை விட அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.