எப்போது திரும்பலாம்?

பெரியோர்களே, கரையோரத்துத் தாய்மார்களே,

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கடலூரில் முதல் கேள்வி, "எத்தனாம் நம்பர்?" அடுத்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வரும். தாழ்வான பகுதி மக்கள் முகாமுக்குப் போகணும் என்பார்கள். போகாதவர்களைச் 'சொல்பேச்சு கேட்காத சனம்' என்று திட்டுவார்கள். அது தப்பு.

2011 டிசம்பரில் தானே புயலுக்கு முந்தின நாள், எங்கள் தெருவில் ஒரு அம்மா வாசலைவிட்டு நகரவில்லை. இடுப்பில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரேஷன் கார்டு. பக்கத்தில் கட்டிய ஆடு. "பள்ளிக்கூடத்துல இதையும் சேர்த்துக்குவாங்களா தம்பி?" என்றார். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது, அவருடைய சேமிப்பே அந்த ஆடுதான்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் வந்தது. அதன் 51ஆவது பிரிவு, தகுந்த காரணமில்லாமல் உத்தரவை மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது. 12ஆவது பிரிவோ, முகாமில் தங்குமிடம், சாப்பாடு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச அளவு வகுக்கச் சொல்கிறது. மைக்கில் மிரட்டல் மட்டும்தான் காதில் விழுகிறது. 12ஐ யாராவது வாசித்துக் காட்டியிருக்கிறார்களா?

சரி, இன்னொரு பயமும் இருக்கிறது. கூப்பிடுவது ஒரு ராத்திரிக்கா, ஒரேயடியாகவா? சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் வந்த வீட்டு அரசாணையை நினைத்துப் பாருங்கள். அலைக்கு 200 மீட்டருக்குள் இருந்தவர் தள்ளிப் போனால் ஒன்றரை லட்சம் மதிப்பில் இலவச வீடு. பழைய மனையை அரசுக்கு எழுதித் தரணும். அங்கேயே இருந்தால் சொந்தக் காசில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. பேருக்கு விருப்பம். கூரை இழந்தவனுக்கு அதில் விருப்பம் எங்கே? விடியற்காலை வாசலில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து கட்டுமரம் தள்ளுகிறவன், பஸ் பிடித்துக் கடலுக்கு வரணுமாம்!

எப்போது திரும்பலாம் என்பதும் லேசான கேள்வி இல்லை. 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறியது. புயல் போயிற்று என்று மூச்சு விடுவதற்குள், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை ஆறு வழியாக வந்து நின்றது. கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம், முதுகுப் பக்கம் ஆறு.

முகாம் பதிவேட்டில் பேர், வயசு, ஆதார் நம்பர் எழுதுகிறார்கள். இரண்டு கட்டம் கூடப் போடச் சொல்லிக் கேட்கிறேன்: ஒன்றில், ஆடு, படகு, வலை எங்கே பத்திரமாக இருக்கிறது; இன்னொன்றில், எந்த நாள், யார் சொன்னால் வீட்டுக்குத் திரும்பலாம். அடுத்த கூண்டு ஏறுவதற்குள் அந்தக் கட்டங்கள் வரணும்.