உலக்கை எல்லா நாளும் நிற்கும்

(உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் வாராந்திர அறிவியல் நிகழ்ச்சியும், அதோடு சேர்ந்து பலர் கூடி எழுதும் அறிவியல் கட்டுரை வரிசையும் தொடங்கிய விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் பேரூராட்சித் தலைவர் அவர்களே, புதுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வாரம் அரை மணி நேரத்தை ஒரு பைசா வாங்காமல் ஒதுக்கித் தந்திருக்கும் கேபிள் உரிமையாளர் தம்பி அவர்களே, நாற்காலி தந்து உதவிய வர்த்தகர் சங்கப் பெரியவர்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். மைக் செட் தம்பிக்கும் இப்போதே ஒரு வணக்கம் சொல்லிவிடுகிறேன். பேச்சு முடியும்வரை அவர் தயவு வேண்டும்.

தலைவர் பேரூராட்சிக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். தலைமையாசிரியை அம்மா இந்த அரங்கைத் தந்ததோடு மின்விசிறி இரண்டையும் பழுதுபார்த்துத் தந்தார். இவர்களுக்கெல்லாம் தனித்தனியே நன்றி சொன்னால் என் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். எனவே விஷயத்துக்கு வருகிறேன். மூன்று செய்திகள் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். தொலைக்காட்சி இருக்கும்போது எழுத்து எதற்கு, அதைப் பலர் சேர்ந்து எழுதுவானேன், எந்தத் தமிழில் எழுதுவது.

முதலாவது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இந்தப் பழமொழியை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். தொலைக்காட்சி அகப்பைதான்.

வானியலாளர் கார்ல் சேகன் 1980இல் அமெரிக்காவில் 'காஸ்மோஸ்' என்ற அறிவியல் தொலைக்காட்சித் தொடரைக் கொண்டுவந்தார். 13 பகுதிகள். கூடவே 13 அத்தியாயங்களில் அதே பெயரில் ஒரு புத்தகமும் வந்தது. ஒரு வாரம் மின்சாரம் போனவனுக்கும் விருந்தாளி வந்தவனுக்கும் அந்தப் புத்தகம் கைகொடுத்தது. நம் நாட்டுக் கதையையும் கேளுங்கள். 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக்கு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுபோனார்கள். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையில் பத்தடி அகலத்துக்கு ஆண்டெனா செய்தார்கள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை, அது வேறு வருத்தம். ஆண்டு முடிந்தது, இரவல் வாங்கிய செயற்கைக்கோளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், ஒளிபரப்பு நின்றது. அகப்பையே போய்விட்டது. அந்தத் திட்டத்தில் முன்னின்ற இயற்பியலாளர் யஷ்பால் பிற்பாடு தூர்தர்ஷனில் மக்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்து உட்கார்ந்தார். கேள்வி ஜனங்களிடமிருந்து எழுத்தாக வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். 2019 டிசம்பர் 26, மார்கழி அமாவாசை, அரையாண்டு விடுமுறை. அன்று வளைய சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, நம் மாவட்டம் என்று நெருப்பு வளையம் தெரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காலை ஒன்பதரை மணி சுமாருக்கு, மூன்று நிமிடம்போல. நான் கிரகணக் கண்ணாடியோடு தெருவுக்கு வந்தால், தெருவே சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது! என்னடா என்று எட்டிப் பார்த்தேன். நடுவில் எங்கள் பெரியம்மா. தாம்பாளம், அதில் மஞ்சள் தண்ணீர், நடுவே உலக்கை. கிரகணம் பிடித்தால் உலக்கை நிற்கும், விட்டால் விழும் என்பது ஐதீகம். நின்றது. ஒரு தொலைக்காட்சியின் கேமராக்காரர் வேறு வந்துவிட்டார். "அம்மா, கையை எடுத்துட்டுக் கும்பிடுங்க" என்கிறார். வானத்தில் நெருப்பு வளையம், இங்கே ஊர் முழுக்க உலக்கையைக் கும்பிடுகிறது. சாயங்காலச் செய்தியில் பெரியம்மா வந்தார். தெருவில் அவருக்கு மரியாதை கூடிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய், "பெரியம்மா, இன்னிக்கு ஒருதரம் நிறுத்திப் பாருங்க" என்றேன். "கிரகணந்தான் விட்டுப்போச்சே, எப்படிடா நிக்கும்?" என்றார். சும்மா வையுங்கள் என்றேன். முதலில் சாய்ந்து குடத்தில் விழுந்தது. குடம் நசுங்கியது, அதற்கு என்னைத்தான் திட்டினார். மறுபடி வைத்தார். நின்றது. பெரியம்மா உலக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கிரகணத்தோட மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும்போல" என்றார். (சிரிப்பு) நான் விடவில்லை. பொங்கல் கழித்துப் போனேன். அப்போதும் நின்றது. அப்புறம் அவர் கேட்டார் ஒரு கேள்வி: "ஏண்டா, இத்தனை வருஷமா மத்த நாள்ல ஒருத்தருமா நிறுத்திப் பாக்கலை?"

இதைவிட அறிவியல் என்ன வேண்டும்? கேமராக்காரரைக் கூப்பிட்டேன். "கிரகணம் இல்லாதப்ப உலக்கை நிக்கிறதுல என்ன சார் நியூஸ்?" என்று போனை வைத்துவிட்டார்.

உலக்கையின் பூண் அடியில் தட்டையாக இருக்கிறது. அதன் எடை மையத்திலிருந்து கீழே இழுத்த நேர்கோடு அந்தச் சின்ன வட்டத்துக்குள் விழுகிறவரை உலக்கை நிற்கும். கிரகணத்தன்று சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால்தான் நிற்கிறது என்பார்கள். அப்படி ஒரே பக்கமாக இழுப்பது எல்லா அமாவாசைக்கும் நடப்பது, அதனால்தான் அந்த நாட்களில் கடல் ஏற்றம் அதிகம். கோட்டைப்பட்டினத்து மீனவரைக் கேட்டால் சொல்வார். நிற்பதைக் காட்ட அரை நிமிடம் போதும். ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரு பக்கம் எழுத வேண்டும், அது அடுத்த கிரகணம் வரை எங்காவது கிடைக்கவும் வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

இரண்டாவது, பலர் சேர்ந்து எழுதுவது. இதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் கோழிக்கோட்டில் தொடங்கியபோது, அறிவியல் எழுதுகிறவர்கள் சிலர் சேர்ந்த சங்கம்தான். நம்மிடம் பெ.நா. அப்புசாமி இருந்தார். தொழில் வக்கீல், எழுதியது அறிவியல். ஆனால் அவர் தனி ஆள். எங்கள் குழுவில் இயற்பியல் ஆசிரியர், செவிலியர், கால்நடை மருத்துவர், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற லைன்மேன் அண்ணன் ஒருவர் இருக்கிறார்கள். முதல் கட்டுரை அண்ணனுடையது. மின்கம்பியில் உட்கார்ந்த காக்கை ஏன் சாவதில்லை? இரண்டு காலும் ஒரே கம்பியில், இடையில் மின்னழுத்த வேறுபாடு இல்லை. இதை ஆசிரியரும் எழுதுவார். ஆனால், "வௌவாலுக்கு இறக்கை நீளம், பறக்கும்போது இந்தக் கம்பியையும் அடுத்த கம்பியையும் சேர்த்துத் தொட்டுவிடும், அதனால்தான் கருகித் தொங்குவது பெரும்பாலும் வௌவால்" என்று எழுத, கம்பம் ஏறியவர் வேண்டும்.

இங்கேதான் நூலக அலுவலர் ஐயாவிடம் வருகிறேன். அவர் சிரிக்கிறார், நான் எங்கே வருவேன் என்று தெரியும். இந்தக் கட்டுரைகளை அச்சடித்து எங்கே வைப்பது? கிளை நூலகத்து மேசையில்தான். நம் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது, 1948இல். அதற்குப் பின்னால் நின்ற சீர்காழி ரங்கநாதன் யார்? கணக்கு வாத்தியார்! 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார். 1931இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள், தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். மாட்டுவண்டியில் முடிந்தது இன்றைக்கு ஷேர் ஆட்டோவில் முடியாதா?

நான் பார்த்த ஒரு கிளை நூலகத்தில் அறிவியல் அலமாரிக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவருக்கு இரண்டு ஊர்ப் பொறுப்பு. பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்குக் கதவு சாத்தியிருக்கிறது. தொலைக்காட்சியில் உலக்கையைப் பார்த்த பிள்ளை மறுநாள் எங்கே போய்க் காரணம் தேடும்? சட்டி பூட்டிக் கிடந்தால் அகப்பையை ஆட்டி என்ன பயன்? எங்கள் கோரிக்கை இதுதான்: நம் ஊர் நூலகம் மாலை ஏழரை வரை திறந்திருக்க வேண்டும், அறிவியலுக்கு ஒரு திறந்த அலமாரி வேண்டும், சுற்றியுள்ள கிராமங்களுக்கு வாரம் ஒருநாள் வண்டி போக வேண்டும்.

மூன்றாவது, எந்தத் தமிழ் என்பது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவைக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம், யாரும் மறந்து எடுத்துப்போக முடியாது. முதல் கையெழுத்தைத் தானே போடுவதாகத் தலைவர் வரும்போதே வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர் எழுந்திருக்கும்போது கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்கள், தம்பி.