பாவாயியா, ஆத்விகாவா?

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைக்குப் பெயர் வைப்பதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சோதிடம் பார்ப்பவளும் இல்லை, எண் கணிதம் தெரிந்தவளும் இல்லை. சேலத்திலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காலையில் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பெயர் வாசித்த வாய் இது. அந்த ஒரு தகுதியில்தான் பேசுகிறேன்.

அழகாபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தலைப் பிரசவம். குழந்தையின் அப்பாவுக்கு ‘பாவாயி’ என்று பெயர் வைக்க ஆசை. அது அவருடைய அப்பாயியின் பெயர். சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கிச் சுமந்து சோறு ஊட்டி வளர்த்தவர் அந்த அப்பாயிதான். குழந்தையின் அம்மாவுக்கோ ‘ஆத்விகா’ என்று வைக்க ஆசை. மாசமாக இருந்த காலத்திலேயே கைப்பேசியில் தேடிப் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்த பெயர். ஒன்று மேட்டுக் காட்டில் களை வெட்டிய பெயர். இன்னொன்று இப்போதுதான் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இறங்கிய பெயர். எது என்று முடிவாகாமல், தொட்டிலில் போடுகிற நாளே தள்ளிப்போய்விட்டது. தெருவில் ஒரு டீச்சர் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று என்னிடம் வந்தார்கள்.

அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்றால் மாமியார் யார் பக்கம் இருப்பார்? மகன் பக்கம்தான் என்று நினைப்போம். இங்கே அப்படி இல்லை. அந்த மாமியார் என்னிடம் தனியாக வந்து, “என்ர மாமியார் பேரை நான் எப்படிங்க டீச்சர் கூப்பிடுவேன்? வாயில வருங்களா?” என்றார்.

இதை இன்றைய பிள்ளைகள் சிரிப்பாக நினைக்கலாம். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் இது பழைய விஷயம். மாமனார், மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். அதே சமயம் முதல் பேரப் பிள்ளைக்கு அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றும் வழக்கம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும், வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பாப்பா, கண்ணு, தங்கம், அம்மு என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றாம் வகுப்பில் ஜூன் மாதம் பெயர் வாசிக்கும்போது இதை நான் ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். “பழனியம்மாள்” என்று வாசிப்பேன். பதில் வராது. மறுபடி வாசிப்பேன். முன் வரிசையில் ஒரு பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்துப் பிள்ளை அதன் தோளைத் தட்டி “உன்னத்தான், பாப்பா” என்று சொல்லும். தன் பெயர் பழனியம்மாள் என்பதே அதற்குப் பள்ளிக்கூடத்தில்தான் தெரியவரும்.

அதனால் இரண்டு பெயரில் எது நல்ல பெயர் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறவர்கள் யார்? அவர்கள் வாயில் அது வருமா? பெயர்ப் பட்டியல்களில் பொருள் போட்டிருப்பார்கள், ராசி போட்டிருப்பார்கள், இந்தக் கேள்வி மட்டும் இருக்காது.

ஆத்விகாவையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தேன். பாட்டிக்கு மரியாதையால் பாவாயி வரவில்லை, நாக்கால் ஆத்விகா வரவில்லை. “ஆத்திகா” என்றார், “ஆத்துவிகா” என்றார், கடைசியில் “ஆத்தா” என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மருமகளுக்கு முதலில் முகம் சுருங்கியது. அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள்.

வகுப்பறையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரு குழந்தை முதன்முதலில் ஆசையாக எழுதிப் பார்ப்பது தன் பெயரைத்தான். பாவாயி மூன்று எழுத்து. துணைக்காலும் மேல்விலங்கும் தெரிந்துவிட்டால் போதும், பலகையில் எழுதிவிடுவாள். ஆத்விகாவும் மோசமில்லை, நடுவில் ஒரு புள்ளி எழுத்துதான் கொஞ்சம் தகராறு செய்யும். ஆனால் இப்போது வருகிற சில பெயர்களைப் பார்த்தால் எனக்குக் குழந்தை மேல் இரக்கமாக இருக்கிறது. ஸ்ரீயில் தொடங்கி க்ஷவில் ஏறி ஷவில் இறங்குகிற பெயர்கள். ஸ்ரீதக்ஷிதா என்று ஒரு பிள்ளை அரையாண்டுத் தேர்வு வரை தன் பெயரை ‘சிதசிதா’ என்றுதான் எழுதினாள். நானும் திருத்தவில்லை. ஆறு வயதுக் கை, பாவம், எத்தனை வளைவு வளையும்?

இந்த எழுத்துகள் பெரும்பாலும் நட்சத்திரம் பார்த்து வருபவை. ஹஸ்தம் என்றால் ஷ, ட என்று பஞ்சாங்கத்தில் எழுத்து கொடுத்திருக்கும். ட எழுத்தில் சொல் தொடங்குவதே தமிழ் வழக்கில் இல்லை. ரவும் லவும்கூட முதலில் வராது என்பதால்தான் நம் பெரியவர்கள் இராமன், இலட்சுமி என்று முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்து எழுதினார்கள். பஞ்சாங்கம் சொல்கிறதே என்று ஒரு வீட்டில் தவித்துப்போய், கடைசியில் வாயில் நுழையாத ஏதோ ஒன்றை வைத்தார்கள். நட்சத்திரப் பெயரைக் காதில் சொல்லிவிட்டு, கூப்பிட வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. எண் கணிதத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்த்தால் யோகம் என்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு ‘ஏ’, ஆதாரில் இரண்டு ‘ஏ’ என்று ஆனபிறகு அந்த யோகம் இ-சேவை மைய வரிசையில் நிற்க வைக்கும்.

பாவாயி என்று வைத்தால் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று குழந்தையின் அம்மா பயப்படுகிறாள். நியாயமான பயம்தான். ஆனால் பிள்ளைகள் எந்தப் பெயரைத்தான் விட்டார்கள்? கயல்விழியைக் கருவாடு என்று கூப்பிட்ட வகுப்பு எனக்குத் தெரியும். பெயரில் காலமும் ஏறி நிற்கும். மறைமலை அடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். அந்த அலை மெல்ல மெல்ல ஊருக்குள் வந்து, எங்கள் பதிவேடுகளில் தமிழ்ச்செல்வியும் மலர்விழியும் பூங்கொடியுமாக நின்றது. அதற்குப் பிறகு ஒரே வகுப்பில் மூன்று பிரியா, இரண்டு திவ்யா. ச. பிரியா, சு. பிரியா, மு. பிரியா என்று தலைப்பெழுத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இன்றைக்கு யாரும் வைக்காத பெயராகத் தெரிகிற ஆத்விகாவுக்கும் அந்தக் கதி வரலாம். பாவாயிக்கு அந்த ஆபத்து இல்லை, வகுப்பில் ஒரே ஒரு பாவாயிதான் இருப்பாள்.

மலையில் வேலை பார்த்தபோது பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. அங்கே பெயர் சாமியிடமிருந்து வரும். ஏற்காட்டில் 5,000 அடிக்கு மேல் உயரத்தில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. குனிந்து நுழைகிற குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். அங்கே வேண்டிக்கொண்டு பிறந்த பெண்ணுக்குக் காவேரி என்று வைப்பதைப் பற்றி வீட்டில் விவாதமே நடக்காது. கீழே சேலத்துக்கு வந்தால் கோட்டை மாரியம்மன். ஆடித் திருவிழா சமயத்தில் பிறந்த குழந்தை என்றால் மாரி என்ற பெயர் எங்காவது ஓரிடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தப் பெயர்களில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், யார் தேர்ந்தெடுத்தது என்ற சண்டையே இல்லை.

எல்லாப் பழைய பெயரும் ஆசையாக வைத்த பெயர் என்று நான் சொல்ல மாட்டேன். குப்பாயி, குப்பம்மாள் என்று பெயர் கேட்டிருப்பீர்கள். அடுத்தடுத்து பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்து, யாரும் சீண்டாத ஒரு பெயரை வைத்துவிட்டால் எமன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று நம்பினார்கள். கேட்க அசிங்கமான பெயர். அதற்குள் இருப்பதெல்லாம் இந்தப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்ற ஆசை. அதே பதிவேட்டில் போதும்பொண்ணு என்றும் ஒரு பெயர் வரும். கேட்க ஒன்றும் தவறாக இல்லை. ஆனால் அந்தப் பெயர் குழந்தையைக் கூப்பிட வைத்தது இல்லை. இனி பெண் பிள்ளை வேண்டாம் என்று சாமிக்கு எழுதிய மனு. அந்த மனுவை அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கத் தன் தலையில் சுமக்க வேண்டும். நான் வாசிக்கும்போது “உள்ளேன் டீச்சர்” என்று அவள் சொல்கிற குரல் மற்ற பிள்ளைகளின் குரலைவிட ஒரு படி கீழே இருக்கும்.

இதைச் சேலத்தில் உட்கார்ந்து பேசும்போது இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதலில் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான். பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், வளர்க்க முடியாவிட்டால் இந்தத் தொட்டிலில் விட்டுப் போங்கள் என்று அரசாங்கமே தொட்டில் வைக்கிற நிலைமை இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் யாரும் பெயர் தேடவில்லை. இன்று ஒரு பெண் குழந்தைக்கு என் பெயர்தான், உன் பெயர்தான் என்று ஒரு வீடே இரண்டாகப் பிரிந்து நின்றால், சண்டையைத் தீர்த்து வைக்க எனக்கு அவ்வளவு அவசரம் வருவதில்லை. கொஞ்ச நாள் போடட்டும்.

அவசரமில்லை என்பதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சட்டமே அவகாசம் கொடுத்திருக்கிறது. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பிறப்பைத்தான், பெயரை இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை என்றால் அந்தத் தகவலை ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு மேலும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒரு தடவை பெயரைச் சேர்த்துவிட்டால், வேறு பெயர் வேண்டும் என்று பதிவேட்டில் மாற்ற விடமாட்டார்கள். எழுத்துப் பிழைதான் திருத்தலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து வாக்காளர் பட்டியல் வரைக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று ஆகிவிட்டது. ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில், படிவத்தில் ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சரி, அழகாபுரத்துக்கு வருவோம். இரண்டையும் சேர்த்து ‘ஆத்விகா பாவாயி’ என்று வைத்துவிடலாமா என்று அந்தப் பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. விண்ணப்பங்களில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஆட்கள் அதில் எதை எழுதுவது என்று தெரியாமல் ஏற்கெனவே திண்டாடுகிறார்கள். அதில் பாவாயி போய் உட்கார்ந்தால், பிற்காலத்தில் வேலை பார்க்கும் இடத்தில் எல்லோரும் அவளை மிஸ் பாவாயி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும், அம்மா விரும்பிய பெயர் காணாமல் போயிருக்கும்.

என் விருப்பத்தைக் கேட்டால், எனக்குப் பாவாயிதான் பிடிக்கிறது. வாய் நிறையச் சொல்லலாம், தெருக்கோடியிலிருந்து கூப்பிட்டாலும் கேட்கும். ஆனாலும் ஆத்விகாவையே பதிவு செய்யுங்கள் என்றுதான் சொன்னேன். காரணம், அந்தப் பெண்ணுக்குப் பாவாயி பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். இனிமேல் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் பெயரைச் சொல்லப் போகிறவள் அவள். தூங்க வைக்க, சாப்பிட வைக்க, அதட்ட, தேட எல்லாம் அவள் வாய்தான். பிடிக்காத பெயரை அவள் வாயில் திணித்தால், வருஷம் திரும்புவதற்குள் அவள் வேறொரு செல்லப் பெயரைக் கண்டுபிடித்துவிடுவாள். அப்பாயியின் பெயர் காகிதத்தில் மட்டும் இருக்கும். அப்பா வேண்டாம் என்கிற பெயரையும் வைக்கக் கூடாதா என்றால், கூடாதுதான். ஆனால் அவனுக்கு ஆத்விகா பிடிக்காமல் இல்லை, பாவாயி அதிகமாகப் பிடிக்கிறது. அவள் விஷயம் அப்படி இல்லை.

பாவாயிக்கு இடம் இல்லாமல் போகவும் இல்லை. எங்கள் பக்கம் பல வீடுகளில் பெயர் வைக்கும் அன்று அத்தை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காதில் பெயர் சொல்வாள். குலதெய்வத்தின் பெயர், முன்னோர் பெயர், அப்புறம் கூப்பிடும் பெயர். தாய்மாமன் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கொலுசும் அரைஞாணும் வாங்கிக்கொண்டு வந்து காத்திருப்பார். மாமியாரின் பெயரைச் சொல்ல முடியாத அந்தப் பாட்டி சொல்ல வேண்டியதில்லை, அவர் மகள் சொல்லிவிடுவாள். அந்த ஏற்பாட்டுக்குப் பாட்டி உடனே தலையாட்டினார். அப்பாக்காரன் இன்னும் முழு மனசாகச் சரி சொல்லவில்லை. யோசிக்கிறான், யோசிக்கட்டும்.

அவனிடம் நான் கறாராகச் சொன்னது ஒன்றுதான். வீட்டில் அம்மா ஒரு பெயர் நினைத்திருக்க, மாநகராட்சிக்குத் தனியாகப் போன அப்பாவோ தாத்தாவோ வேறு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த கதையை ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் நிறையப் பார்த்திருக்கிறேன். சான்றிதழைப் பார்த்துவிட்டு அந்த அம்மாக்கள் என் மேசை முன்னால்தான் அழுவார்கள். அதனால் எந்தப் பெயராக இருந்தாலும் சரி, எழுதிக் கொடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போ, ஆங்கில எழுத்தை அவளே ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும் என்றேன்.

நன்றி, வணக்கம்.