மருந்தில்லை என்று சொன்ன சுவரொட்டி

[காட்சி: கினி நாட்டின் வரைபடம்; தென்கிழக்கு வனப்பகுதி மட்டும் வண்ணம் பெறுகிறது]

கினி நாட்டில் எபோலா பரவியிருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2014 மார்ச் மாதம் அறிவித்தது. நோய் லைபீரியாவுக்கும் சியரா லியோனுக்கும் பரவியபோது, அதற்கு முன்னும் பின்னுமாக ஊர்ச் சுவர்களிலும் வானொலியிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப ஒலித்தது: எபோலா கொல்லும், அதற்கு மருந்து கிடையாது.

அது பொய்யன்று. அங்கீகாரம் பெற்ற மருந்தோ தடுப்பூசியோ அன்று இருக்கவில்லை. ஆனால், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஒரு தாய் அதை எப்படிப் புரிந்துகொள்வாள்? மருந்தே இல்லாத நோய்க்கு சிகிச்சை முகாம் எதற்கு, சாவதானால் வீட்டில் உறவினர் நடுவே சாகட்டும் என்றுதான் நினைப்பாள். உடல் இழக்கும் நீரையும் உப்பையும் உரிய நேரத்தில் ஈடுகட்டினால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பதை அந்தச் செய்தி அவளுக்குச் சொல்லவே இல்லை. காட்டு விலங்கு இறைச்சியை உண்ணாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இப்படித்தான் திரும்பியடித்தது: நோய் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றிக்கொண்டிருந்தது, தலைமுறைகளாக அந்த இறைச்சியை உண்டு நலமாக இருந்தவர்களோ, இதை நம்ப முடியாதபோது மற்ற அறிவுரைகளையும் சந்தேகித்தார்கள்.

சுகாதாரத் தொடர்பாளர்களுக்கான பயிற்சிகள் பெரும்பாலும் மக்கள் பரப்பும் வதந்திகளிலிருந்து தொடங்குகின்றன. நம்முடைய சொந்த அறிவிப்புகளைக் கையிலெடுத்து, இதைக் கேட்டவர் அடுத்து என்ன செய்வார் என்று வரிவரியாக ஆராய்வதே முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

[காட்சி: வெறிச்சோடிய சந்தை]

இதைக் கற்காததன் விலை பெரிது. 2014 ஆகஸ்ட் இறுதியில், சந்தையில் தெளிக்கப்பட்ட கிருமிநாசினியே நோயைக் கொண்டுவந்தது என்ற பேச்சால் கினியின் ந்செரெகோரே நகரில் கலவரம் மூண்டது. அடுத்த மாதம், அதே வட்டாரத்தைச் சேர்ந்த வோமே என்ற ஊருக்கு விழிப்புணர்வூட்டச் சென்ற குழுவில், சுகாதாரப் பணியாளர், அதிகாரிகள், செய்தியாளர்கள் என எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். முகமூடியும் வெள்ளை உடுப்பும் அணிந்து வந்து, இறந்தவரின் உடலை எடுத்துப்போனவர்கள், ஏன் எடுத்துப்போகிறோம் என்று சொல்லாமல் போயிருந்தால், அந்த வெற்றிடத்தை ஊர் தானே நிரப்பிக்கொள்ளும்.

லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் அரசு 2014 ஆகஸ்டில் உடல்களை எரிக்க உத்தரவிட்டது. எரிக்கும் வழக்கமே இல்லாத மக்கள் நோயாளிகளை மறைத்தார்கள். இரவில் இரகசியமாகப் புதைத்தார்கள். அறிவியல்படி பாதுகாப்பான முறைதான், ஆனால் யாரையும் கேட்காமல் அறிவிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் நவம்பரில் வெளியிட்ட அடக்க நெறிமுறை, மதப் பெரியவர்களோடு பேசி உருவானது: குடும்பத்தார் விலகி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை நடக்கும், கல்லறையில் பெயர் இருக்கும். டிசம்பரில் மன்ரோவியாவுக்கு வெளியே தனி இடுகாடு திறக்கப்பட்டது.

வதந்தியை மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. உப்பு நீர் எபோலாவைத் தடுக்கும் என்ற செய்தி 2014-இல் நைஜீரியாவில் கைப்பேசி வழியாகப் பரவி, அதைக் குடித்தவர்களில் இருவராவது இறந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. இதற்கு மறுப்பு எழுதச் சொன்னால் பயிற்சி பெறுவோர் பலரும் உப்பு நீரிலேயே தொடங்குவார்கள். படிப்பவர் நினைவிலும் அதுவே தங்கும். நோயாளியின் உடல்நீர்மங்களைத் தொடாமல் இருப்பதே காக்கும் என்ற உண்மையை முதலில் வையுங்கள். வதந்தியை ஒருமுறை மட்டும், அது தவறு என்ற எச்சரிக்கையோடு சொல்லுங்கள். ஏன் தவறு என்று விளக்கி, செய்ய வேண்டியதை மீண்டும் சொல்லி முடியுங்கள்.

[காட்சி: பயிற்சி அறை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்]

முந்திச் சொல், சரியாகச் சொல், நம்பகமாக இரு, பரிவு காட்டு, செய்யத்தக்கதைச் சொல், மரியாதை கொடு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நெருக்கடித் தொடர்புக் கையேடு கூறும் ஆறு நெறிகளை யாரும் ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். முந்திச் சொல்வதும் சரியாகச் சொல்வதும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் பயிற்சி தொடங்குகிறது. அதற்கு ஒரு நாற்காலியில் தொடர்பாளரையும் எதிரில் தாயை இழந்த மகனாக நடிப்பவரையும் உட்கார வையுங்கள். மகன் கேட்கும் கேள்வி ஒன்றே: "என் அம்மாவை எங்கே கொண்டுபோனீர்கள்?" தொடர்பாளருக்கு ஒரு நிமிடம், கையில் குறிப்பு எதுவும் இருக்கக்கூடாது.