பூட்டியவர்கள்தான் கொடுக்க வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் சாப்பிட்ட கையோடு வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"பள்ளி மறுக்கப்பட்ட முதியோருக்கு நாம் தர வேண்டியது கௌரவ டிப்ளமோவா, தேர்வெழுதும் வாய்ப்பா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். கௌரவ டிப்ளமோதான், அதாவது தேர்வு வைக்காமலே மரியாதையாகத் தரும் சான்றுதான் என்று பேச வந்திருக்கிறேன். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே அமெரிக்காவில் ஹைஸ்கூல் டிப்ளமோ என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததற்கான சான்று. நம் ஊர் பாலிடெக்னிக் டிப்ளமோ அல்ல.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி கேரளத்துக் கார்த்தியாயினி அம்மாவைப் பற்றிச் சொன்னார். ஆலப்புழை மாவட்டத்துக்காரர். 2018இல் தன் 96ஆவது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவர். அப்படிப்பட்டவர் இருக்கும்போது எழுதாத பரீட்சைக்கு எதற்கு ஐயா சான்றிதழ் என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது, நானும் தட்டினேன். அந்த அம்மாவைப் பற்றி யார் பேசினாலும் தட்டத்தான் வேண்டும். ஆனால் நடுவர் அவர்களே, சின்ன வயதில் அந்த அம்மாவைப் பள்ளிக்குப் போகவிடாமல் தடுத்தது வறுமை. நான் பேச வந்திருப்பது வேறு ஆட்களைப் பற்றி. பள்ளிக்கூடம் இருந்தது, பையில் புத்தகம் இருந்தது, படிக்க ஆசையும் இருந்தது. அரசாங்கமே வந்து கதவைப் பூட்டியது. அப்படிப்பட்ட பிள்ளைகள் இந்த வர்ஜீனியா மாநிலத்திலேயே இருந்தார்கள்.

ரிச்மண்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வண்டி ஓட்டினால் ஃபார்ம்வில் என்ற சின்ன ஊர் வரும். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் தலைநகர். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போல. அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப்பள்ளி இருந்தது. 1939இல் 180 பேருக்காகக் கட்டிய கட்டடம். 1951இல் அதில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதவில்லை என்று பெற்றோர் கேட்டதற்கு, மரச்சட்டம் அடித்து, தார் பூசிய காகிதம் சுற்றிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மழை பெய்தால் உள்ளே ஒழுகும், குடை பிடித்துக்கொண்டு எழுத வேண்டும். குளிர்காலத்தில் அறைக்கு ஓர் அடுப்பு. அடுப்பை ஒட்டி உட்கார்ந்தவனுக்கு வேர்க்கும், எட்டி உட்கார்ந்தவன் கோட்டைக் கழற்ற முடியாது. சோதனைக்கூடம் இல்லை, உடற்பயிற்சிக்கூடம் இல்லை, சாப்பிட ஒரு கூடம் இல்லை. அதே ஊரில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் இவை எல்லாம் இருந்தன.

1951 ஏப்ரல் 23ஆம் தேதி பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண் அந்தப் பள்ளியின் மொத்த மாணவர்களையும் வேலைநிறுத்தத்துக்கு அழைத்துப் போனாள். பதினாறு வயது! நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை தனியாகக் கடைக்குக் கிளம்பினால் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். அந்தப் பிள்ளைகள் தொடுத்த வழக்குதான், 1954இல் உச்ச நீதிமன்றம் பிரௌன் வழக்கில் சேர்த்து விசாரித்த ஐந்து வழக்குகளில் ஒன்று. ஐந்தில் மாணவர்களே தொடங்கியது இந்த ஒன்றுதான். நிறத்தின் பேரில் பள்ளிகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இன்று நம் பிள்ளைகள் ஃபேர்ஃபாக்ஸ், லவுடன் கவுண்டிகளில் எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்களே, அந்த பெஞ்சுக்காகப் போராடியவர்களில் ஃபார்ம்வில் பிள்ளைகளும் உண்டு. இதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் நம்மில் யாரும் பேசக் கூடாது என்பது என் எண்ணம்.

தீர்ப்பு வந்துவிட்டது. பிறகு என்ன நடந்தது? 1959 செப்டம்பருக்குள் இரண்டு இனப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்க்கவேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைத்தது. கவுண்டியின் ஆட்சிக்குழு கூடியது. பள்ளிகளுக்கு ஒரு டாலர்கூட ஒதுக்குவதில்லை என்று முடிவெடுத்தது. கறுப்புப் பிள்ளையை வெள்ளைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைப்பதைவிட, பள்ளிக்கூடமே இல்லாமல் இருப்பது மேல் என்று முடிவெடுத்தார்கள்! கவுண்டியின் அரசுப் பள்ளிகள் அத்தனையும் பூட்டப்பட்டன. வெள்ளையர் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டே ஒரு தனியார் பள்ளி தொடங்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேருக்குப் போக்கிடம் இல்லை. 1959இல் பூட்டியது 1964இல்தான் திறந்தது. அதுவும் மனம் மாறித் திறக்கவில்லை. கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டுத் திறக்கவைத்தது.

அந்த ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? சிலரை வெளி மாநிலத்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலர் வடக்கே முன்பின் அறியாதவர்கள் வீட்டில் தங்கிப் படித்தார்கள். தேவாலயங்களின் கீழ்த்தளத்தில் அம்மாக்களும் ஆசிரியைகளும் கூடி எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பலர் புகையிலைத் தோட்டத்துக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். கடைசி ஆண்டில்தான் தனியார் நிதியில் ஓர் இலவசப் பள்ளி வந்தது. அதற்குள் பதினேழு வயதுப் பையனுக்கு இருபத்தொன்று ஆகிவிட்டது. அவன் திரும்பிப் போய் எந்த வகுப்பில் உட்காருவான்?

இன்னொன்றும் நடந்தது. வெள்ளையர் தரப்பே முன்வந்து, உங்களுக்கும் தனியாக ஒரு தனியார் பள்ளி வைத்துத் தருகிறோம் என்றது. கிட்டத்தட்ட யாருமே விண்ணப்பிக்கவில்லை. அதை வாங்கிக்கொண்டால், பிரித்து வைப்பதை நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பெற்றோர் மறுத்துவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளின் படிப்பைக் கொடுத்து நாட்டின் சட்டத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை, நடுவர் அவர்களே.

இப்போது எதிரணி சொல்கிறது, அவர்களுக்குத் தேர்வு எழுத வாய்ப்புக் கொடுங்கள் என்று. தேர்வு இருக்கிறது. ஜிஇடி என்ற தேர்வு, தேறினால் ஹைஸ்கூல் முடித்ததற்கு இணை. 1942இல், போர்வீரர்களுக்காக உருவாக்கப்பட்டது. பள்ளி முடிக்காத பெரியவர்கள் எழுதலாம். கௌரவ டிப்ளமோ வாங்கியவர் ஜிஇடி எழுதக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எழுத விரும்பும் பெரியவருக்கு நாங்களும் பேனா வாங்கிக் கொடுப்போம், வண்டியில் அழைத்துக்கொண்டு போய்த் தேர்வு மையத்தில் விடுவோம். எங்கள் வழக்கு அதுவல்ல. நீ முதலில் எழுதித் தேறு, அப்புறம் தருகிறோம் என்று, பூட்டியவரே சொல்வதைத்தான் எதிர்க்கிறோம். ஜிஇடியில் சமூக அறிவியல் தாள் ஒன்று உண்டு. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் பற்றியும் கேட்பார்கள். அந்தப் போராட்டத்தில் தன் பள்ளிப் பருவத்தையே இழந்த ஒரு பாட்டியிடம், நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடு என்று தாளை நீட்டுவீர்களா? அவர் எதை நிரூபிக்க வேண்டும், யாரிடம் நிரூபிக்க வேண்டும்?

சரி, கௌரவ டிப்ளமோ கொடுத்தால் உழைத்துப் படித்தவர்களின் டிப்ளமோ மதிப்பிழந்து போகும் என்று இரண்டாவதாகப் பேசிய நண்பர் சொன்னார். யாருடைய இடம் போகிறது? எண்பது வயதுத் தாத்தா அந்தச் சான்றை எடுத்துக்கொண்டு எந்தக் கல்லூரியில் உங்கள் பிள்ளையின் இடத்துக்குப் போட்டி போடப் போகிறார்? மதிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்குக் கலிஃபோர்னியாவைக் காட்டுகிறேன். 1942இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் 9066ஆம் ஆணையின் பேரில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு வாசலிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் போனார்கள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களும் போனார்கள். பிற்பாடு அந்த மாநிலத்தின் கல்விச் சட்டமே, அப்படிப் பாதியில் இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு உயர்நிலைப்பள்ளி டிப்ளமோ வழங்கலாம் என்று எழுதி வைத்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1972 முதல் யாருக்கும் கௌரவப் பட்டம் தருவதில்லை என்று கொள்கை வைத்திருந்தது. எவ்வளவு பெரிய மனிதரானாலும் கிடையாது. 2009இல் அந்தத் தடையை விலக்கி வைத்தார்கள். யாருக்காக? 1942இல் படிப்பைப் பறிகொடுத்த அந்த மாணவர்கள் சுமார் 700 பேருக்காக. அதனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் மலிந்து போய்விட்டதா? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிள்ளைக்கு இடம் கிடைக்காதா என்று ஏங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

போருக்குப் போன பையன்கள் கதையும் இதே வழியில்தான் வருகிறது. பள்ளி முடிக்கும் முன்பே சீருடை மாட்டி அனுப்பிய அரசு, அறுபது ஆண்டு கழித்து அவர்களுக்கு டிப்ளமோ கொடுக்கப் பல மாநிலங்களில் சட்டம் செய்திருக்கிறது. அங்கே யாரும் மதிப்புக் குறையும் என்று பேசுவதில்லை. ராணுவத்துக்குப் பொருந்தும் நியாயம் ஃபார்ம்வில் பிள்ளைகளுக்குப் பொருந்தாதா?

எதிரணியின் கடைசி வாதத்துக்கு வருகிறேன், அதுதான் கனமான வாதம். வெறும் காகிதத்தைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறீர்கள், இழந்த வாழ்க்கைக்குக் காகிதம் ஈடாகுமா என்று கேட்டார்கள். ஈடாகாது. ஈடாகும் என்று எங்கள் அணியில் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2003இல் வர்ஜீனியா சட்டமன்றம் பள்ளிகளை மூடியதற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில், அன்று பள்ளி இழந்தவர்களைக் கூப்பிட்டுக் கௌரவ டிப்ளமோ கொடுத்தார்கள். 2004இல் பிரௌன் வழக்கின் பெயரால் கல்வி உதவித்தொகைத் திட்டம் வந்தது. மாநிலம் பத்து லட்சம் டாலர், ஜான் க்ளூகி என்ற செல்வந்தர் பத்து லட்சம் டாலர். ஜிஇடி படிக்கலாம், கல்லூரி போகலாம். அந்த உதவித்தொகைக்காக முன்னின்று வாதாடியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஃபார்ம்வில் ஹெரால்ட் பத்திரிகையின் ஆசிரியர். 1959இல் பள்ளிகளை மூடுவதை ஆதரித்து எழுதிய அதே பத்திரிகை! காகிதத்தோடு நின்றுவிடவில்லை. தப்பை ஒப்புக்கொண்ட ஊருக்குத்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தெம்பு வருகிறது.

அந்தக் காகிதத்தை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். நம் கிராமங்களில் ஒருவரைச் சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டு, பிறகு இரவில் தனியாக வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டால் ஊர் ஏற்றுக்கொள்ளுமா? எந்தச் சபையில் நடந்ததோ அந்தச் சபையில் கேள் என்பார்கள். தேர்வு மையத்திலிருந்து தபாலில் வரும் சான்றால் அது முடியாது. பூட்டிய கவுண்டியே மேடை போட வேண்டும். அங்கியும் தொப்பியும் கொடுத்து, ஊர் பார்க்கப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நம் பிள்ளைகளின் பட்டமளிப்பில் பார்த்திருப்பீர்கள், தொப்பியில் தொங்கும் குஞ்சத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றுவார்கள். இரண்டு விநாடி வேலை. அதற்காக நாம் எத்தனை பேர் ஊரிலிருந்து விமானம் ஏறி வருகிறோம்! 1959இல் பதினேழு வயதாக இருந்தவருக்கு அந்த இரண்டு விநாடி அறுபத்தொரு வயதில் வந்தது. பேரப்பிள்ளைகள் இருக்கும் வயது. தாத்தா ஏன் பள்ளி முடிக்கவில்லை என்று பேரன் கேட்டால், படிப்பு ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைக்கவிடாமல், நாங்கள்தான் முடிக்கவிடவில்லை என்று கவுண்டியே சொல்கிறது. எந்தத் தேர்விலும் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் இந்த ஒரு பதில் கிடைக்காது.

இந்த அரங்கில் ஈழத்திலிருந்து வந்த அக்காமார், அண்ணன்மார் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்து ஓடியதில் பரீட்சை எழுத முடியாமல் போனவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்வதை எனக்கே நீங்கள் விளக்கலாம்.

அப்படியானால் வறுமையால் படிப்பை விட்டவர்களுக்கு ஏன் இல்லை, கோடு எங்கே போடுவீர்கள் என்று கேள்வி வரும். என் கோட்டைச் சொல்லிவிடுகிறேன். பொதுப்பணத்தில் நடக்கும் ஓர் அமைப்பு தானே முடிவெடுத்து ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தியிருந்தால், அந்த அமைப்பு டிப்ளமோ தரக் கடமைப்பட்டது. வறுமையால் நின்றவர்களுக்குக் கேரளம் செய்ததுபோலக் கற்கும் வழியைத் திறந்து விடுங்கள், அங்கே எதிரணியோடு நானும் நிற்பேன்.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடிக்கிறேன். இறந்தவர்களுக்கும் கௌரவ டிப்ளமோ தர முடியும், குடும்பத்தார் வந்து வாங்கிக்கொள்வார்கள். தரட்டும். ஆனால் ஃபார்ம்விலில் பள்ளி இழந்தவர்களிலேயே இளையவர்கள் எழுபது வயதை ஒட்டி இருக்கிறார்கள், மூத்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். முதலில் பாடம் நடத்தி, பிறகு தேர்வு வைத்து, அப்புறம் விடைத்தாள் திருத்தலாம் என்ற எதிரணியின் கால அட்டவணை இவர்களுக்குச் சரிவராது. இந்த நாட்டில் இப்படிப் பூட்டப்பட்ட ஊர் இது ஒன்று மட்டுமல்ல. உங்கள் பகுதிப் பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். அங்கே போய், நம் பகுதியில் அப்படி யாராவது உண்டா, அவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். வணக்கம்.