வெண்ணெய்ல சுழி அடைச்சுப் போச்சுங்க! | குண்டு ஃபாண்ட் வ்லாக்

வணக்கமுங்க. இன்னைக்கு ஃபிளெக்ஸ் ரெசொல்யூஷன் பத்திப் பேசறதாச் சொல்லியிருந்தனுங்க. அது சித்தக் கெடக்கட்டும். ஊத்துக்குளிப் பக்கம் புதுசா ஒரு போர்டு. மஞ்சள் மேல செவப்பு, நல்ல குண்டு ஃபாண்ட். ஆனா "வெண்ணெய்"னு இருக்க வேண்டிய எடத்துல கொழுக்கட்டையை வரிசையா அடுக்கின மாதிரி இருக்குது. ஊத்துக்குளியிலயே வெண்ணெயைப் படிக்க முடியலீன்னா எப்படீங்க?

ஃபாண்ட் மேல தப்பே இல்லீங்க. அது பாலூ தம்பி, எக்ஸ்ட்ரா போல்டு. அதுலயே வேணுங்கற குண்டு இருக்குது. பத்தாதுன்னு அதே செவப்புல அவுட்லைன், அதாவது எழுத்தைச் சுத்தி ஒரு கோடு, வேற குடுத்திருக்காங்க. 4 மி.மீ அவுட்லைன்னா எழுத்தோட விளிம்புக்கு அந்தப் பக்கம் 2, இந்தப் பக்கம் 2. ண-வோட வளைவுக்கு நடுவுல இருக்கற இடுக்கு 4 மி.மீ-னு வெச்சுக்கங்க, ரெண்டு பக்கமும் இருந்து 2, 2 வந்து மூடிருச்சு. முடிஞ்சுது கதை. மூணு சுழி ண-வா, ரெண்டு சுழி ன-வான்னு கண்டுபுடிக்க முடியாது. இங்கிலீஷ் பெரிய எழுத்துல A, B, D, O, P, Q, R-னு ஏழுலதான் மூடின ஓட்டை இருக்குது. நமக்கு ண, ழ, இ, ஞ, அப்பறம் கொம்பு, எல்லாமே சுழிதானுங்க. குண்டு ஃபாண்ட்டுன்னா தமிழ்ல மொதல்ல பாக்க வேண்டியது கோடு எத்தனை தடிமன்னு இல்ல, உள்ள எத்தனை எடம் விட்டிருக்கான்னு. அதனால ஃபாண்டைச் சோதிக்க நம்ம டெஸ்ட் வார்த்தை எப்பவுமே "ஊத்துக்குளி வெண்ணெய்"தான், நம்ம வ்லாக்கை ரொம்ப நாளாப் பாக்கறவங்களுக்குத் தெரியும். ஊ-ல இருக்கற குட்டி ள, ரெண்டு ண, ரெண்டு கொம்பு, நாலு புள்ளி, எல்லாம் ஒரே வரியில வந்துரும்.

வெள்ளை அவுட்லைன் வேணுமா? தாராளமாக் குடுங்க. கோரல் டிரான்னு டிசைன் பண்ற சாஃப்ட்வேர் இருக்குதுல்ல, அந்தக் கோரல்ல F12 அமுத்துங்க, "பிஹைண்ட் ஃபில்" டிக் பண்ணுங்க, கார்னரை ரவுண்டுல வைங்க. அந்த டிக்கை விட்டா அவுட்லைன்ல பாதி எழுத்தைத் தின்னு மெலிய வெச்சுரும். ரவுண்டு வெக்கலீன்னா கூர்மையா மடங்கற எடத்துல முள்ளு மாதிரி நீட்டிக்கும். உருண்டை ஃபாண்டுக்கு முள்ளு! எனக்கு அதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது.

அட, ஃபாண்ட் யாருதுன்னு சொல்லவே இல்லியே. மும்பையில ஏக் டைப்னு ஒரு எழுத்துருக் குழு, அவங்க பண்ணினது. பாலூங்கறது குடும்பப் பேரு, தமிழுக்குத் தம்பி. இப்ப இருக்கற பாலூ தம்பி 2-ல ரெகுலர்ல இருந்து எக்ஸ்ட்ரா போல்டு வரைக்கும் அஞ்சு எடை, அதாவது அஞ்சு தடிமன். இன்னொரு குண்டு ஃபாண்ட் காய்னி, அதுலயும் தமிழ் இருக்குது, ஆனா ஒரே எடை. ரெண்டும் கூகுள் ஃபாண்ட்ஸ்ல ஓசி. ஓசீங்க! இதைப் பென்டிரைவ்ல போட்டு 300 ரூபாய்க்கு ஒருத்தர் விக்கறாருங்க. ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ்ல தெளிவா இருக்குது, ஃபாண்டைத் தனியா விக்கக் கூடாதுன்னு. ஃபாண்டை வெச்சு போர்டு பண்ணுங்க, டீசர்ட்டு பண்ணுங்க, அதை எத்தனைக்கு வேணா வித்துக்கங்க, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா ஃபாண்டையே 300-க்கா? 300 ரூபாய்க்கு வெண்ணெயே வாங்கித் தின்னுக்கலாமுங்க.

சரி, பாலூ தம்பியை எங்க போடலாம்? வினைல் ஸ்டிக்கருக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. கூர் முனை இருந்தா வெயில்லயும் தண்ணியிலயும் மொதல்ல எந்திரிக்கறது அந்த முனைதான், உருண்டைக்கு அது கம்மி. அக்ரிலிக் லெட்டருக்கும் அப்பிடித்தான். அக்ரிலிக்கை வெட்டற சிஎன்சி மெஷினோட பிட்டே உருண்டை. 3 மி.மீ பிட்டு போட்டா உள் மூலையில 1.5 மி.மீ வளைவு வந்தே தீரும். கூரான ஃபாண்ட்டுன்னா அது அசிங்கமாத் தெரியும், இதுல தெரியாது. திருப்பூர்ல குழந்தைங்க பனியனுக்குப் பொருத்தமோ பொருத்தம், ஆனா பஃப் இங்க்னா எக்ஸ்ட்ரா போல்டு வேண்டாமுங்க. சூட்டுல இங்க் உப்பும், சுழி அடைக்கும். செமி போல்டு போதும். எண்ணெய் பாட்டல் லேபிள்ல கடைப் பேருக்கு மட்டும் இது, பொருள் வெவரத்துக்கெல்லாம் சாதா ஃபாண்டே போடுங்க. கண்ணீர் அஞ்சலிக்குத் தயவு செஞ்சு வேண்டாம். மூஞ்சியே சிரிச்ச மூஞ்சி, எழவு வீட்டுல போயி நிக்கலாமா?

பழைய கோரல்ல இதை அடிச்சா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போயி உக்காந்துக்கும். ஃபாண்ட் கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, யூனிகோடு தமிழை அடுக்கிக் காட்ட அந்த வெர்ஷனுக்குத் தெரியல, அவ்வளவுதான். கோரல் மாதிரியே இங்க்ஸ்கேப்னு ஒரு சாஃப்ட்வேர், அதுல அடிங்க, அதுவும் ஓசிதான். ஷிஃப்ட் கண்ட்ரோல் C அமுத்தி எழுத்தை "பாத்" (path), அதாவது வெறும் கோட்டு வடிவமா மாத்துங்க, அப்பறம் எஸ்விஜி ஃபைலா கோரலுக்குக் கொண்டு வாங்க.

இருங்க இருங்க, நடுவுல ஒண்ணை விட்டுட்டனுங்க. அப்பிடி "பாத்"-ஆ மாத்தின ஒடனே யூனியன் குடுத்துருங்க, துண்டெல்லாம் ஒண்ணாச் சேந்துரும். கோரல்லயே பண்ணறதுன்னா வெல்டு. எல்லா எடையும் ஒரே ஃபைல்ல இருக்கற வேரியபிள் ஃபாண்ட்ல ஒரே எழுத்துக்குள்ள ரெண்டு துண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கலாம். ஸ்கிரீன்ல தெரியாது, பிரிண்ட்டுலயும் தெரியாது. ஸ்டிக்கர் வெட்டற மெஷின், கட்டிங் பிளாட்டருக்கு மட்டும் தெரியும், எழுத்து வயித்துக்குள்ளயே கோடு போட்டு அறுத்து வெச்சுரும். வெட்டறதுக்கு முன்னாடி கலர் இல்லாம கோடு மட்டும் காட்டற வயர்ஃப்ரேம் வியூல ஒருக்கா பாத்துக்கங்க. எழுத்துக்குள்ள குறுக்குக் கோடு தெரிஞ்சா வினைல் ரோலை மாட்டாதீங்க.