நள்ளிரவில் மாறும் நிகழ்ச்சி நிரல்

(சேலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வருவாய்த்துறை அதிகாரி அவர்களே, அம்மாபேட்டையிலிருந்தும் கொண்டலாம்பட்டியிலிருந்தும் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் கேபிள் ஆபரேட்டர் நண்பர்களே, கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை உறவுகளே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய அன்பருக்கு நன்றி. ஒலிபெருக்கி அமைத்த தம்பிக்கும் நன்றி. அவரை எந்த மேடையிலும் யாரும் நினைப்பதில்லை. தலைவர் அவர்கள் எனக்கு முன்னால் பேசும்போது பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டார். மீதிப் பாதிதான் எனக்கு.

மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். இரவில் பெரிய செய்தி விழுந்தால் சேனலுக்குள் என்ன நடக்கிறது என்பது ஒன்று. அப்போது விளம்பரப் பணம் என்ன ஆகிறது என்பது இரண்டு. ஆளுக்கொரு கைப்பேசி வந்த பிறகு இதெல்லாம் எப்படி மாறியது என்பது மூன்று. மூன்றுக்கும் பொதுவாக நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஒரு பழமொழி உண்டு: பதறாத காரியம் சிதறாது.

இரவு பதினொன்றரைக்கு மேல் ஒரு செய்திச் சேனலில் விளக்கு எரியும், ஆள் இருக்க மாட்டார்கள். செய்தி மேசையில் ஒன்றிரண்டு துணை ஆசிரியர்கள், திரையின் அடியில் ஓடும் எழுத்தான ஸ்க்ரோல் போடுகிறவர் ஒருவர், எம்.சி.ஆர். என்கிற தலைமைக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர். அவ்வளவுதான். திரையில் மாலையில் நடந்த விவாதத்தின் மறுஒளிபரப்பு, அதற்குப் பிறகு டெலிஷாப்பிங், விடியற்காலையில் பக்திப் பாடல், ராசிபலன். எல்லாமே முன்கூட்டியே பதிவாகி, நொடிக் கணக்கோடு பிளேலிஸ்டில் ஏறியிருக்கும். கணினி தானாக ஓட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு மணிக்கு ஒரு மாவட்ட நிருபர் போன் செய்கிறார் என்று வையுங்கள். கேட்டதை உடனே போடக்கூடாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடத்தில் கேட்க வேண்டும்: காவல் கட்டுப்பாட்டு அறை, மருத்துவமனை அல்லது ஆட்சியர் அலுவலகம். உறுதியானதும் முதலில் ஸ்க்ரோல். பிறகு திரையில் பெரிய எழுத்தில் வரும் பிரேக்கிங் பிளேட். பிறகு நிருபரைப் போனில் பிடித்து, அவர் குரலை மட்டும் போடும் 'போனோ'. ஆங்கர் வந்து மேக்கப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் நேரலை. ஏன் இந்த வரிசை? ஸ்க்ரோலில் தப்பு வந்தால் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். ஆங்கர் வாயால் சொன்னதை எடுக்க முடியாது. போனோ ஓடும்போது திரையில் காட்ட எதுவும் இருக்காது, அதனால் பழைய காட்சியைப் போடுவார்கள். 'கோப்புக் காட்சி' என்று அதன்மேல் எழுத மறந்தால், போன வருஷத்து வெள்ளம் இன்றைய வெள்ளமாக ஊர் முழுக்கப் பரவிவிடும்.

இப்போது எம்.சி.ஆர். அறைக்குள் வாருங்கள். பிளேலிஸ்டில் இரண்டு வகை உருப்படி உண்டு. ஒன்று, முன்னது முடிந்ததும் தானாகத் தொடர்வது. இன்னொன்று, கடிகாரத்தோடு கட்டப்பட்டது. காலை ஆறு மணி ராசிபலன் இந்த இரண்டாவது வகை. நேரலைக்குப் போகும்போது பட்டியலை ஹோல்டில் போட்டு நிறுத்தி, அந்தக் கடிகாரக் கட்டையும் அவிழ்க்க வேண்டும். மறந்தால், 5.59-க்கு அமைச்சர் கண்கலங்கப் பேசிக்கொண்டிருப்பார், ஆறு அடித்ததும் மேஷ ராசி நேயர்களுக்குத் தனலாபம் வந்துவிடும். இதைவிட ஏமாற்றுவது இன்னொன்று. ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் 'அடுத்து' என்று சிரித்த முகத்தோடு கீழே எட்டிப்பார்க்கும் கிராபிக்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். நிகழ்ச்சியைத் தூக்கினாலும் அது போகாது. துக்கச் செய்தியின் மேல் நகைச்சுவை நடிகரின் முகம் வந்து நிற்பது இப்படித்தான். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த அறைக்குத்தான் முதலில் பொருந்தும்.

உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும் ஒரு நாளைச் சொல்கிறேன். 2016 டிசம்பர் 5. முதலமைச்சர் ஜெயலலிதா அம்மையார் செப்டம்பர் 22 இரவு அப்போலோவில் சேர்க்கப்பட்டு எழுபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. முந்தின நாள் மாலை இதயம் நின்று இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் எக்மோ கருவி வைத்திருக்கிறார்கள். மறுநாள் மாலை ஐந்தரை மணி வாக்கில் சில தமிழ்ச் சேனல்களில் அவர் மறைந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. ராயப்பேட்டையில் கட்சி அலுவலகக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்குகிறது. கொடி இறங்கியதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர் நம்புகிறார்கள். சேனலைப் பார்த்துக் கொடி இறங்கியதா, கொடியைப் பார்த்துச் சேனல் சொன்னதா, யார் யாரைப் பார்த்தார்கள்? (சிரிப்பு.) சிரிக்காதீர்கள், ஊரில் கடைக் கதவுகளெல்லாம் சாத்திய நேரம் அது. பேருந்து நிலையத்தில் நின்ற பெண்பிள்ளைகள் வீட்டுக்கு எப்படிப் போவது என்று தவித்த நேரம். பிறகு மருத்துவமனை மறுக்கிறது, சிகிச்சை தொடர்கிறது என்கிறது. கொடி மறுபடியும் மேலே ஏறுகிறது. போட்ட செய்தியைச் சேனல்கள் இறக்குகின்றன. கொடியை ஏற்றிவிடலாம் ஐயா, ஸ்க்ரோலையும் இறக்கிவிடலாம், பார்த்தவர் மனதில் விழுந்ததை யார் இறக்குவது?

உயிர் பிரிந்தது இரவு 11.30-க்கு. அறிவிப்பு வந்தது நள்ளிரவு தாண்டி. மாலையில் ஒருமுறை சூடுபட்டதால், இரண்டாவது முறை அறிக்கைத் தாளைக் கண்ணால் பார்க்காமல் பிளேட் போட யாருக்குத் துணிச்சல் வரும்? அந்த இரவின் சிரமத்தைப் பாருங்கள். கிரீம்ஸ் சாலை, போயஸ் தோட்டம், ராஜ்பவன், மூன்று இடத்திலும் கேமரா வேண்டும். ஒரு மணிக்கு மேல் ஓ. பன்னீர்செல்வம் அவர்கள் முதல்வராகப் பதவியேற்கிறார். விடிந்ததும் ராஜாஜி மண்டபம், மாலையில் மெரினா. ஏழு நாள் துக்கம் அரசு அறிவித்தது. செய்திச் சேனலுக்கு இது நேரலை. தொடரும் பாட்டும் போடுகிற பொழுதுபோக்குச் சேனலுக்கு வேறு தலைவலி: நகைச்சுவையைத் தூக்கு, குத்துப்பாட்டைத் தூக்கு, ஆர்ப்பாட்டமான விளம்பரத்தைத் தூக்கு, மிச்சமிருக்கும் ஓட்டையில் வாத்திய இசை. 1987 டிசம்பர் 24 விடியற்காலையில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது தூர்தர்ஷனும் வானொலியும்தான். மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு நிரல்தான். இன்று ஒரு செட்டாப் பாக்ஸுக்குள் நூற்றுக்கணக்கான நிரல்கள்.

விளம்பரத்துக்கு வருகிறேன். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் விதி; பத்து நிமிடம் வணிகம், இரண்டு நிமிடம் சொந்த விளம்பரம். அந்த இடங்கள் கல்யாண மண்டபம் மாதிரி, தேதிவாரியாக முன்பதிவு ஆனவை. நேரலையில் ஒரு ஸ்பாட், அதாவது ஒரு விளம்பரம், விட்டுப்போனால் வேறு நாளில் ஈடுகட்டித் தர வேண்டும். டெலிஷாப்பிங்கோ மொத்தமாக விற்ற அரை மணி. அதைத் தூக்க மார்க்கெட்டிங் அதிகாரியிடம் கேட்க வேண்டும். அவர் தூங்குகிறார், போனை எடுக்கவில்லை. ஊரே அல்லோலகல்லோலப்படும்போது ஒரு சேனலில் மட்டும் முட்டிவலி எண்ணெய் விற்றுக்கொண்டிருக்கும் ரகசியம் இதுதான். இரவுப் பொறுப்பாளருக்கே அதைத் தூக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

சட்டமும் ஒன்று உண்டு. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் நடந்த தாக்குதலின்போது பாதுகாப்புப் படையின் நகர்வை நேரலையில் காட்டினார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. 2015-இல் விதி வந்தது: பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை, அதற்கென நியமித்த அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும்தான் போடலாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நான் வந்ததே இதற்குத்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரை கடந்தபின் மழை எங்கே கொட்டியது? ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. புயல் என்றால் கேமரா கடற்கரையில் நிற்கும். தண்ணீர் நம் தலையில் இறங்கும். அப்போது மலைக்கு யார் வருவார்? நேரலைக் கருவிகள் ஏற்றிய பெரிய ஓ.பி. வேன் இருபது கொண்டை ஊசி வளைவை அந்த மழையில் ஏறாது. முதுகில் மாட்டும் நேரலைப் பெட்டி நாலைந்து சிம்மைச் சேர்த்து இயங்குவது. டவரில் பேட்டரி தீர்ந்தால் அதுவும் ஊமை. உங்கள் மாடியில் இருக்கும் டிடிஎச் குடை, மழையில் எளிதில் தடைபடும் கேயு பேண்டு அலைவரிசையில் வாங்குகிறது. அடைமழையில் படம் உறைந்து நிற்கும். சேனல்களை வாங்கி ஊருக்கு அனுப்பும் கேபிள் நிலையமான ஹெட்எண்டில் இருக்கும் பெரிய சி பேண்டு அலைவரிசை டிஷ் மழைக்கு அவ்வளவு அசையாது. ஆக, அந்த இரவில் மிஞ்சுவது நம் கேபிள் நண்பர்கள்தான், ஹெட்எண்டிலும், தெருவில் சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயரிலும் மின்சாரம் இருந்தால்.

சாட்டிலைட் சேனலின் மேல் நாம் எழுத முடியாது, ஒளிபரப்பாளர் ஒப்பந்தம் இடம் தராது. உள்ளூர் சேனலில் எழுதலாம். அதனால் கேட்பது இவ்வளவுதான். சேலம் மாவட்டத்தில் எல்லா நெட்வொர்க்கிலும் ஒரே எண்ணில் ஓர் உள்ளூர் சேனல். அதில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஓர் எழுத்துப் பட்டை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-இல் இருப்பவர் அனுப்பும் வாசகம் மட்டும் அதில் ஓட வேண்டும், இப்படி: 'அதிகாலை 3.40. ஏற்காடு மலைப்பாதை அடைப்பு. குப்பனூர் வழி சிறு வாகனம் மட்டும். அடுத்த தகவல் 4.10.' நேரம் போடாத வாசகம் ஓடக்கூடாது. புதியது வரும்போது பழையதை எடுத்தாக வேண்டும். மூன்று மணிக்குத் திறந்த பாதை ஏழு மணிவரை 'அடைப்பு' என்று ஓடினால், மறுநாள் அந்தப் பட்டையை ஒருவரும் நம்ப மாட்டார்கள். எஸ்டேட்டுக்கு வேலைக்கு ஏறுகிறவரும், வ.உ.சி. மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுவருகிறவரும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான். பதறாத காரியம் சிதறாது. பதறாமல் இருக்கத் தகவல் வேண்டாமா?

மூன்றாவது செய்தி, கைப்பேசி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், துண்டுச் சீட்டும் வந்துவிட்டது. அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கோரிக்கை மனு மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. கேபிள் நண்பர்கள் கையெழுத்தோடு ஹெட்எண்ட் இருக்கும் ஊர், ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும், இரவில் போன் எடுக்கும் ஆளின் எண், இந்த மூன்றையும் எழுதுங்கள். மலையிலிருந்து வந்தவர்கள் முதலில் போடட்டும், அவர்களுக்குப் பேருந்து இருக்கிறது. நன்றி, வணக்கம்.